நீளக்காதுப் பாய்

அன்று மதியம், படகுகளைக் கட்டும் மிதவைப் பாலத்தில் இருந்தவர்கள்: அசெனோர், பதினொரு வயது. அவளுடைய அம்மா ரோசென், இரவு முழுக்க மீன் ஏலக்கூடத்தில் பெட்டி அடுக்கிவிட்டு நேராக வந்திருந்தாள். பக்கத்துப் படகுக்காரர் கூல்வென், யாரும் கூப்பிடாமலே வந்திருந்தார். ஒரு கடற்காகம். அப்புறம், உறைக்குள் ஒரு பாய்.

பாய் பழையது. டென்மார்க்கில் யாரோ விற்றதை அம்மா படம்கூடப் பார்க்காமல் வாங்கியிருந்தாள். ஏன் அவ்வளவு மலிவு என்பது அதைப் பாய்மரத்தில் ஏற்றிக் காற்றில் விரித்ததும் தெரிந்தது.

சிவப்புத் துணி. நடுவில், வீட்டுச் சுவர் அளவுக்கு, ஒரு வெள்ளை முயல்.

இங்கே எழுதுவதால் முயல் என்று எழுதலாம். லொரியான் துறைமுகத்தில், படகில் நின்றுகொண்டு அந்தப் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள். அந்தக் காலத்து மரக்கப்பல்களில் அது கயிற்றையெல்லாம் கடித்து வைத்ததாம். அதனால் ஆகாது. பேச வேண்டி வந்தால் நீளக்காது என்பார்கள்.

கூல்வென் கையிலிருந்த காப்பியைக் கொட்டிக்கொண்டார்.

"ரோசென்! என்னம்மா இது? எறக்கு! மொதல்ல அதை எறக்கு!"

"எனக்கும் கண்ணு இருக்கு, கூல்வென்."

"இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நாளைக்குப் பந்தயத்துக்கா?"

"கழுதைன்னு நெனச்சுக்கோங்க மாமா" என்றாள் அசெனோர்.

"கழுதைக்கு இவ்ளோ சின்ன வாலா?"

மறுநாள் குரோவா தீவைச் சுற்றிவரும் பந்தயம். ஒரு படகுக்கு இரண்டே பேர். போன வருடமே அசெனோர் கேட்டாள். அம்மாவுக்கு விடுமுறை கிடைக்கவில்லை. இந்த வருடம் ஒரே ஒரு ஞாயிறு கிடைத்தது.

இவ்வளவு பெரிய பாயைக் காற்றில் இறக்க நாலு பேராவது வேண்டும். இவர்களோ ஒன்றரைப் பேர். அதற்காகத்தான் இந்தச் சுருட்டுப் பாய். படகின் மூக்கில் ஓர் உருளை. உருளையிலிருந்து பாய்மரத்தின் உச்சி வரைக்கும் தடித்த நடுக்கயிறு ஒன்று போகும். பின்னால் உட்கார்ந்து இழுகயிற்றை இழுத்தால் உருளை சுற்றும், கூடவே நடுக்கயிறும் சுற்றும், பாய் தானாக அதன்மேல் சுருண்டுகொள்ளும். அப்படித்தான் சொன்னார்கள்.

"இழுடீ" என்றாள் அம்மா.

அசெனோர் இழுத்தாள். முயலின் கால்கள் சுருண்டன. வயிறு பாதி சுருண்டது. அதற்கு மேல் உருளை நகரவில்லை. மேலே காதுகள் இரண்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன.

திரும்ப விரித்தார்கள். திரும்ப இழுத்தார்கள். கால், வயிறு, அவ்வளவுதான். காது ஆடியது.

"நான் சொல்லல?" என்றார் கூல்வென். "அது வேலையைக் காட்டுது. கயித்தைக் கண்டா அதுக்குப் பிடிக்காது."

மூன்றாவது முறை காற்று ஒரு தள்ளு தள்ளியது. படகு சாய்ந்து பாலத்தில் இடித்தது. பாயைத் தூக்கிப் பிடித்திருந்த ஏற்றுக்கயிற்றை அம்மா அவிழ்த்துவிட்டாள். பாய் மொத்தமும் அவர்கள் தலைமேல் விழுந்தது. சிவப்புத் துணிக்கு அடியில் எல்லோரும் வழி தேடித் துழாவினார்கள்.

"நடுக்கடல்ல இப்படி மாட்டிக்கிட்டா?" அம்மாவின் குரல் மட்டும் கேட்டது. "நான் சுக்கானை விட முடியாது. நீ தனியா இதை எறக்க முடியாது. வேணாம்."

"அம்மா..."

"கொஞ்சம் படுத்து எழுந்திருக்கேன். எழுந்ததும் போன் பண்ணி நம்ம பேரை எடுக்கச் சொல்லிடறேன். ஆறு மணி வரைக்கும் ஆபீஸ்ல இருப்பாங்க."

அம்மா படகின் அறைக்குள் போனாள். பூட்ஸைக் கழற்றவில்லை. ஒரு நிமிடத்தில் குறட்டை வந்தது.

அசெனோருக்கு அழுகை வந்தது. அழுவதற்கும் தெம்பு வேண்டும், காலையிலிருந்து பாய் சுமந்ததில் அது தீர்ந்துபோயிருந்தது. பாலத்தில் உட்கார்ந்தாள். ஒரு டப்பா மத்தி மீனைத் திறந்து ரொட்டியோடு தின்றாள். கடற்காகம் பக்கத்தில் வந்து நின்று முறைத்தது.

"என்னை ஏன் பாக்குற? போய் நீயே பிடிச்சுத் தின்னு."

அம்மாவை எழுப்பிச் சண்டை போடலாம். அதில் பயனில்லை. தூக்கத்தில் எழுப்பப்பட்ட அம்மா எதற்கும் சரி என்று சொன்னதில்லை. தவிர, அந்த முகத்தைப் பார்த்தால் எழுப்பத் தோன்றாது.

குவிந்து கிடந்த பாயைப் பார்த்தாள். முயல் ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தது.

"மாமா, ஏன் எப்பவும் காலு மொதல்ல சுருளுது?"

"ஏன்னா அது..."

"நீளக்காதை விடுங்க. உருளை காலுகிட்ட இருக்கு. காலை உருளையிலயே கட்டியிருக்கோம். உருளை சுத்தினா உடனே காலும் சுத்துது. மேல சுத்து போய்ச் சேர்றதுக்குள்ள கீழ துணி இறுகிடுது."

"எல்லாப் பாயும் அப்படித்தானே கட்டுவோம்?" என்றார் கூல்வென். "நான் முப்பது வருஷமா..."

"தட்டைப் பாயை அப்படிக் கட்டலாம். அதைக் கோரைப்பாய் மாதிரி சுருட்டிடலாம். இதுக்குப் பெரிய தொப்பை இருக்கே. மொதல்ல காது சுருளணும். அதுவரைக்கும் காலு சும்மா நிக்கணும்."

"உருளை சுத்தும், காலு சும்மா நிக்குமா? எப்படி?"

அதுதான் அவளுக்கும் தெரியவில்லை. எழுந்து பாயின் உறையைத் தலைகீழாக உதறினாள். கொஞ்சம் மணல் விழுந்தது. டென்மார்க்குக் கடையின் மிட்டாய்க் காகிதம் ஒன்று விழுந்தது. பிறகு டங்கென்று ஒரு எஃகு வளையம் விழுந்தது.

காலையில் அம்மா அதைப் பார்த்துவிட்டு, உபரி என்று உள்ளேயே போட்டிருந்தாள். அம்மா சின்ன வயதில் பந்தயப் படகுகளில் வேலை செய்தவள். எல்லாம் தட்டைப் பாய்கள். கை பழகியபடி கட்டிவிட்டது. இரவு வேலை முடித்து வந்த கைக்கு அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை.

அசெனோர் வளையத்தை உருளையின் தலையில் பொருத்திப் பார்த்தாள். டக்கென்று உட்கார்ந்தது. உருளையைச் சுற்றினாள். உருளை சுற்றியது. வளையத்தை விரலால் பிடித்தாள். வளையம் அப்படியே நின்றது.

"மாமா! இங்க வாங்க!"

அவள் பாயின் கீழ்மூலையை உருளையிலிருந்து அவிழ்த்து வளையத்தில் கட்டினாள். உருளையைப் படகின் மூக்கிலிருந்து கழற்றி, பாலத்தின் இரும்புத் தூணில் மாட்டினாள். பாயைப் பாலத்தோடு நீட்டிப் போட்டாள். மறுமுனையை யாராவது இழுத்துப் பிடிக்க வேண்டும். நடுக்கயிறு தொய்வாக இருந்தால் சுற்று கடைசிவரை போகாது.

"அந்த முனையைப் பிடிங்க மாமா."

கூல்வென் குனிந்து பார்த்தார். "இது காதுப் பக்கம்."

"ஆமா."

"காதுப் பக்கம் நானா? எங்கப்பா, எங்க தாத்தா யாரும் இதைத் தொட்டது இல்ல தெரியுமா?"

"துணியைத் தொட வேணாம். கயித்தை மட்டும் பிடிங்க. எங்கம்மா எழுந்திரிச்சா பந்தயம் போச்சு மாமா."

கூல்வென் அறையின் பக்கம் பார்த்தார். குறட்டை கேட்டது. தொப்பியைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டு, அந்தக் கையால் கயிற்றைப் பிடித்தார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"சீக்கிரம் இழு. யாராவது பாத்துத் தொலைக்கப்போறாங்க."

அசெனோர் இழுத்தாள். உருளை சுற்றியது. கால் அசையவில்லை. எதுவுமே அசையவில்லை. நடுக்கயிறு மட்டும் முறுக்கேறிக்கொண்டு போனது. அவள் கை வலித்தது. இன்னும் இழுத்தாள்.

"என்ன ஆச்சு?" என்றார் கூல்வென், கண்ணைத் திறக்காமல்.

"இருங்க."

முதலில் ஒரு காது சுருண்டது. பிறகு இன்னொன்று. பிறகு நெற்றி, கண், மூக்கு. சுருள் சரசரவென்று அவளை நோக்கி வந்தது. வயிறு, வால், கடைசியில் கால். முயல் போய்விட்டது. பாலத்தில் நீளமாக ஒரு சிவப்புக் கயிறு மட்டும் கிடந்தது.

"இப்ப கண்ணைத் திறக்கலாம் மாமா."

கூல்வென் திறந்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"காதே தெரியலையே" என்றார். அவர் முகத்தில் முதல் முறையாக நிம்மதி வந்தது. "இப்படியே வச்சுக்கோ. விரிக்காத."

அறை வாசலில் அம்மா நின்றிருந்தாள். தலைமுடி ஒரு பக்கமாக நிமிர்ந்திருந்தது. கையில் போன்.

"யாரு சுருட்டினது?"

"நான் எதையும் தொடல" என்றார் கூல்வென் உடனே.

அசெனோர் வளையத்தைக் காட்டினாள். அம்மா குனிந்து பார்த்தாள். விரலால் ஒரு சுற்று சுற்றினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"உபரின்னு நெனச்சேன்."

"தெரியும்மா."

"ஏன்டீ என்னை எழுப்பல?"

"நீ தூங்கிட்டு இருந்த."

அம்மா போனைப் பார்த்தாள். பையில் போட்டாள். "ஏத்திப் பாக்கலாம். தண்ணியில ஒரு தடவை சுருண்டா நான் நம்புறேன்."

உருளையைத் திரும்பப் படகில் மாட்டி, பாயை ஏற்றினார்கள். ஏற்றுக்கயிற்றை அம்மா விறைப்பாக இழுத்துக் கட்டினாள். மாலைக் காற்றில் முயல் துறைமுகம் முழுவதற்கும் தெரியும்படி விரிந்தது. எதிர்ப் பாலத்திலிருந்து யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள். அசெனோர் பின்னால் உட்கார்ந்து இழுத்தாள், ஒரே ஆளாக. காது, கண், வயிறு, வால், கால்.

"இன்னொரு தடவை" என்றாள் அம்மா.

இன்னொரு தடவையும் சுருண்டது.

அம்மா சிரிக்கவில்லை. சிரிக்கத் தெம்பில்லை. மகளின் தலையில் கை வைத்தாள், கையின் கனம் முழுக்க இறங்கியது. "நாளைக்குக் காலையில நீதான் என்னை எழுப்பணும்" என்றாள்.

இரவு வீட்டில் அம்மா சூப் கிண்ணத்தின் முன்னாலேயே தூங்கிவிட்டாள். அசெனோர் கரண்டியை அவள் கையிலிருந்து எடுத்து வைத்தாள். அப்போது கதவு தட்டப்பட்டது. கூல்வென். கையில் ஒரு பெரிய துணி, ஊசி, நூல்.

"அந்த மூஞ்சி மேல இதை வச்சுத் தச்சுட்டா..." என்று சத்தமாக ஆரம்பித்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"உஷ்!"

அவர் மேசையைப் பார்த்தார். குரலை இறக்கினார். "விடியறதுக்குள்ள முடிச்சிடலாம். உங்கம்மாவை ஒரு நிமிஷம் எழுப்பு."

"முடியாது மாமா."

"அப்ப நாளைக்குப் பந்தயத்துல என் படகுக்குப் பக்கத்துல வராதீங்க. அம்பது மீட்டர் தள்ளி நில்லுங்க."

"நீங்கதான் தள்ளி நிக்கணும். நாங்க முன்னால போயிட்டு இருப்போம்."

கூல்வென் வாயைத் திறந்தார். அம்மா தூக்கத்தில் அசைந்தாள். அவர் வாயை மூடிக்கொண்டு, துணியை அக்குளில் இடுக்கி, கால்விரலில் நடந்து வெளியே போனார்.

அசெனோர் சத்தமில்லாமல் கதவைச் சாத்திச் சாவியை இரண்டு முறை திருப்பினாள்.