விசைக்காப்பில் வெள்ளை

நவம்பர் பதினான்கு, மாலை நாலரை மணிக்கே வெளிச்சம் போய்விட்டது. நிலவறை ஜன்னலின் பாதிவரை பனி ஏறியிருந்தது. அர்வோ விளக்கைக் கீழே இழுத்து, மேசையில் கிடந்த துப்பாக்கிக்கு நேரே நிறுத்தினான். ஓரிடத்தில் மட்டும் கருப்பு ஒட்டவில்லை.

விசையைச் சுற்றி வளைந்திருந்த அலுமினியக் காப்பில்தான் கீறல்கள். விளிம்புகளைத் தேய்த்துச் சமமாக்கி, அசிட்டோனால் துடைத்து, உலோகத்தைக் கருப்பாக்கும் மருந்தைப் பஞ்சில் தொட்டுத் தடவியிருந்தான். மருந்து அழுகிய முள்ளங்கி போல் நாறும். தண்ணீரில் கழுவியதும் புதுக்கருப்பு பழைய கருப்போடு கலந்துவிட்டது. நடுவில் மட்டும் ஒரு வெள்ளைப் புள்ளி நின்றது. கட்டைவிரல் அகலம். ரேகைகள்கூடத் தெரிந்தன.

துடைத்த உலோகத்தை வெறுங்கையால் தொட்டால் இப்படி ஆகும். தோலின் எண்ணெய் பட்ட இடத்தில் மருந்து ஏறாது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் செய்கிற தப்பு அது. அவன் தன் கையைப் பார்த்தான். ரப்பர் உறை போட்டிருந்தான். துடைப்பதற்கு முன்பே போட்டது.

"முடிஞ்சுதா இல்லையா?" மாடிப்படியின் உச்சியிலிருந்து ஹெல்மி கேட்டாள். அவனுடைய அண்ணன் ரெய்னோவின் மனைவி. மகன் நிலோவுக்காகத் துப்பாக்கியை வாங்கிப்போக வந்திருந்தாள். "நிலோ மூணு தடவ போன் பண்ணிட்டான்."

"காயணும்."

"என்ன, துணியா தோச்சிருக்க? ஒரு கீறலுக்கு இவ்வளவு மினுக்கு. மான் கண்ணாடி மாட்டிக்கிட்டா பாக்கப்போகுது?"

"இன்னும் ஒரு தடவதான்."

"பாஸ்டி ஆறுது பாரு. உனக்குன்னுதான் கிழங்கு கம்மியா வச்சேன். சாப்பிட்டுட்டு செய்."

அவள் சமையலறைக்குத் திரும்பினாள். காப்பிக் குவளை மேசையில் உட்காரும் சத்தம் கேட்டது. இறைச்சி அடைத்துச் சுட்ட அந்த பாஸ்டி அர்வோவின் மேசையோரத்தில் அலுமினியத் தாள் பிரிக்காமல் இருந்தது. மாட்டிறைச்சியும் வெங்காயமும் மணத்தன. அவன் அதைத் தள்ளி வைத்தான்.

நாளை காலை மான் வேட்டை தொடங்குகிறது. பள்ளிக்கூடம்கூடக் கிடையாது. அப்பாவின் துப்பாக்கியை மகன் தூக்குகிற நாள். போன வருடம் இதே நாள் ரெய்னோ இந்தத் துப்பாக்கியோடு தேவதாருச் சதுப்புக்குள் போனான். மரம் ஒன்று சாய்ந்து அவன் கால்களின் மேல் விழுந்தது. ஊரே தேடியது. ஒன்பதாம் நாள் அர்வோதான் கண்டுபிடித்தான்.

மரம் விழுந்ததுமே உயிர் போய்விட்டது என்று ஹெல்மியிடம் சொன்னான். கீறல்கள் பாறையில் உரசியவை என்றான். அந்த இரண்டு வார்த்தைகளின் மேல்தான் அவள் ஒரு வருடம் தூங்கியிருக்கிறாள்.

பாறை இல்லை. பல். ரெய்னோ துப்பாக்கியைக் கடித்திருந்தான். பசியிலா குளிரிலா தெரியாது. அலுமினியத்தில் பல் பதியாது என்று அர்வோ நினைத்திருந்தான். எத்தனை நாள் கடித்தால் பதியும் என்று யோசித்ததில்லை. ஹாக்கியில் உடைந்து உலோக உறை போட்ட கோரைப்பல் எல்லாவற்றையும்விட ஆழமாக இறங்கியிருந்தது. மற்றவர்கள் வருவதற்குள் காப்பை வாயிலிருந்து உருவ வேண்டியிருந்தது. அதற்குக் கட்டைவிரலை உள்ளே விட்டுத் தாடையைப் பிரித்தான்.

உள்ளே இன்னும் வெதுவெதுப்பு இருந்தது.

அவன் புதுப் பஞ்சை அசிட்டோனில் நனைத்துத் துடைத்தான். பஞ்சு மஞ்சளாக வந்தது. இன்னொன்று. அதுவும் மஞ்சள். மூன்றாவது பஞ்சை எடுக்கும்போது காப்புக்கும் பஞ்சுக்கும் நடுவே ஒரு இழை நீண்டு, தொங்கி, அறுந்தது. துப்பாக்கி எண்ணெய் இழையாக வராது. முகர்ந்து பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே முகர்ந்தான். காலையில் பல் துலக்காத வாயின் நாற்றம். அதில் கொஞ்சம் வெங்காயம்.

தொட்டியில் துப்பினான்.

வேறு துப்பாக்கி கொடுக்கலாம். உடைந்துவிட்டது என்று சொல்லலாம். எங்கே, காட்டு என்பாள் ஹெல்மி. வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். அவளுக்குத் தெரியாத பல்வரிசையா அது?

உறையை மாற்றினான். மருந்தைத் தடவினான். கழுவினான்.

கருப்பு ஏறியது. கட்டைவிரல் மறைந்தது. அதன் இடத்தில் இரண்டு வெள்ளை வளைவுகள் நின்றன, மேலே ஒன்று, கீழே ஒன்று. குளிரில் வெடித்த உதடுகளின் ஒவ்வொரு கோடும் தெரிந்தது.

அப்போதுதான் சத்தம் கேட்டது. உறைந்த பனியை மிதிப்பதுபோல். கொதிகலன் என்று நினைத்தான். கொதிகலன் அணைந்திருந்தது. மெதுவாக, ஈரமாக, ஒரு தாளத்தில். நிற்கும். திரும்பத் தொடங்கும்.

அந்தத் தாளம் அவனுக்குத் தெரியும். ரெய்னோ வாயைத் திறந்துதான் மெல்லுவான். கூழான ரொட்டி நாக்கில் புரள்வது எதிரே இருப்பவருக்குத் தெரியும். சிறுவயதிலிருந்தே அர்வோ அவனுக்கு எதிரே உட்கார்ந்ததில்லை. சாப்பாட்டு மேசையில் ஹெல்மி ஒவ்வொரு வேளையும் அதட்டுவாள். ரெய்னோ சிரிப்பான். சிரிக்கும்போதும் மெல்லுவான்.

அர்வோ துப்பாக்கியைக் கையில் எடுத்தான். சத்தம் நின்றது.

கீழே வைத்தான்.

தொடங்கியது.

இரண்டடி பின்னால் போனான். சுவர் முதுகில் இடித்தது. விளக்கின் வட்டத்துக்குள் துப்பாக்கி மட்டும் கிடந்தது. பக்கத்தில் யாருமில்லை. காப்பு ஈரமாக மின்னியது. கருப்பின் மேல் ஒரு வெள்ளைப் புள்ளி விழுந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று. பிறகு ஆழமாக ஒன்று, கோரைப்பல் இருக்கும் இடத்தில். அலுமினியம் முனகியது. கருப்புப் பொடி மேசையில் உதிர்ந்தது. காப்பின் ஓரத்தில் எச்சில் திரண்டது. சொட்டியது.

அவன் வாய் இறுக மூடியிருந்தது. மூச்சுகூட விடவில்லை. பாஸ்டி தாள் பிரிக்காமல் அப்படியே இருந்தது.

சத்தம் பெரிதானது.

மேலே நாற்காலி நகர்ந்தது. காலடிகள் மாடிப்படிவரை வந்து நின்றன. ஹெல்மியின் குரல் வந்தது. கோபமில்லை. பாதித் தூக்கத்தில் பேசுவதுபோல், ஒரு வருடமாக யாரும் கேட்காத குரல்.

"மேல வரைக்கும் கேக்குது. வாய மூடிட்டு மெல்லு."