வரம்புக்குக் கீழே

கைப்பேசி பழுதுபார்க்கும் அந்தக் கடையின் பின்னறையில் கிரிப்டோ காசு சேர்க்கும் மைனிங் இயந்திரம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. திரையில் இரண்டு ஓடிக்கொண்டிருந்தன.

முதல் வரியில் ‘கடை’. அது கடைக்காரன் வைத்த பெயர். இரண்டாவது வரியில் ‘அக்கா’. அந்தப் பெயரை அவன் வைக்கவில்லை.

மத்தியான வெயில் தகரக் கூரையைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. இயந்திரத்தின் விசிறிகள் ஓயாமல் இரைந்தன. காய்ந்த பிளாஸ்டிக் வாடையும் உருகிய ஈயத்தின் வாடையும் தொண்டைக்குள் இறங்க, அவன் அந்த இரண்டாவது வரியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அத்தான் போனபிறகும் அக்கா யாரிடமும் கைநீட்டவில்லை. அதனால்தான் இந்த ஏற்பாட்டைச் செய்தான். இயந்திரம் கணக்குப் போட்டுச் சேர்க்கும் கிரிப்டோ காசு ஒரு வரம்பைத் தொட்டதும் தானாகவே அக்காவின் வாலட்டுக்கு, அவள் கைப்பேசியிலுள்ள மின் பணப்பைக்கு, போய்விடும். அவள் மாதக்கணக்கில் காத்திருக்கக் கூடாதென்று, அந்த வரம்பை இருப்பதிலேயே சிறியதாக வைத்தான். தினமும் ஒரு துளி. சிறியதானாலும் அன்றன்றைக்குக் கொடுப்பதுதான் அன்பு என்று நம்புகிறவன். நல்ல நம்பிக்கைதான் அது.

வாலட்டுக்கும் தனியாக ஒரு வரம்பு உண்டு என்பதை இன்றுதான் படித்தான். அதற்குக் குறைந்த தொகை வரவு வைக்கப்படாது. திரும்பியும் வராது.

நாற்பது நாள், நாற்பது துளி. எல்லாம் சரியாகப் போய்ச் சேர்ந்திருந்தன. வாலட் அல்ல, வேறு ஏதோ ஒன்று வாங்கிக்கொண்டிருந்தது.

அக்காவை அழைத்தான்.

“பணம் ஒண்ணுகூட வரலையாக்கா? ஏன் சொல்லல?”

“நீ மறந்திருப்பேன்னு நெனச்சேன். கேட்டா உன் பொண்டாட்டி மூஞ்சியப் பாக்கணுமே.” சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. “எழுந்திரிக்கவே முடியலடா. தினமும் யாரோ கொஞ்சங் கொஞ்சமா என்னை உருவி எடுக்கற மாதிரி இருக்கு. உடம்பு அனலாக் கொதிக்குது.”

“டாக்டர் என்ன சொன்னார்?”

“ஜுரமே இல்லங்கறார். தொட்டுப் பாத்திருந்தா கைய உதறியிருப்பார்.”

அவள் மூச்சை இழுப்பது கேட்டது. திரையில் ‘அக்கா’ வரியின் வேகம் ஏறியது. மூச்சை விட்டாள். இறங்கியது.

பக்கத்தில் ஓர் எண்: வரம்பில் எழுபத்தொரு சதவீதம்.

நிறைந்தால் அனுப்பிவிடும். அவன் வரம்பைப் பத்து மடங்காக்கினான். வரம்பு தானாகவே பழைய அளவுக்குக் குறைந்தது. நூறு மடங்காக்கினான். குறைந்தது. சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினான். ‘கடை’ அணைந்தது.

‘அக்கா’ அணையவில்லை. எண்பத்து மூன்று.

“அக்கா, நான் வரேன். போனை வெச்சிடாதே.”

“மெதுவா வாடா. வண்டிய விரட்டாதே.”

இரண்டு தெரு தாண்டினால் அவள் வீடு. அழைப்பில் பேச்சு நின்றிருந்தது. ஓர் இரைச்சல் மட்டும். படியேறும்போது அதே இரைச்சல் கதவுக்குப் பின்னாலும் கேட்டது. கைப்பிடி சுட்டது. சட்டையைச் சுருட்டிப் பிடித்துத் திறந்தான்.

உள்ளே திரைச்சீலைகள் மூடியிருந்தன. காய்ந்த பிளாஸ்டிக் வாடை. கடவுளே, அவளை விட்டுவிடு என்று முணுமுணுத்தபடி நடந்தான்.

அவள் நாற்காலியில் இருந்தாள். கண்கள் திறந்திருந்தன. அறையில் காற்றே இல்லை. ஆனாலும் முன்நெற்றி மயிர் மேல்நோக்கிப் பறந்துகொண்டிருந்தது. இரைச்சல் அவள் வாயிலிருந்து வந்தது.

“அக்கா.”

கண்கள் அவனிடம் திரும்பின. அடையாளம் கண்டன.

ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தான். உதட்டில் பட்டதும் அது சீறி ஆவியானது. வேறென்ன செய்வதென்று தெரியாமல் அவள் கையைப் பிடித்தான். உள்ளங்கை கொப்பளித்தது. விடவில்லை.

மறுகையிலிருந்த கைப்பேசித் திரையில் அதே ‘அக்கா’ வரி: தொண்ணூற்றெட்டு.

தொண்ணூற்றொன்பது.

அனுப்பப்பட்டது.

இரைச்சல் நின்றது. அவன் பிடித்திருந்த கை கனமிழந்தது. விரல்கள் தட்டையாயின. முழங்கை மடிந்து தொங்கியது. சேலைக்குள் எதுவும் இல்லை. கண்கள் மட்டும் அவனையே பார்த்தன, ஈரமாக, உயிரோடு.

திரையில் பூஜ்யம்.

பிறகு, ஒன்று.

உறைபோல் தொங்கிய அந்த வாய்க்குள் விசிறிகள் மறுபடி சுற்றத் தொடங்கின.