பிரியந்தினி திறந்துவைத்த கணினிகள்

“அழிச்ச இடத்தில அவளின்ர பேர் கிடக்கு. இதுக்கு மேல என்ன விசாரணை?” என்றார் விமலேஸ்வரி.

கிளிநொச்சியில் உள்ள விவசாயிகள் சங்க அலுவலகமொன்றின் முகாமையாளர் அவர். திங்கட்கிழமை காலை பத்தரைக்கு, ஜெயபுரத்தில் எந்த வயலுக்கு எந்த நாள் தண்ணீர் என்ற முறைக் கோப்பு பொதுக் கணினியிலிருந்து அழிந்துபோயிருந்தது. யார் எந்தக் கோப்பைத் தொட்டார் என்று குறித்துவைக்கும் கணக்காய்வுப் பதிவு, எழுதுவினைஞர் பிரியந்தினியைக் காட்டியது. வேலைநீக்கக் கடிதம் மேசையில் தயாராக இருந்தது. வாசலில் ஜெயபுரத்து விவசாயிகள் அவளுடைய பெயரைச் சொல்லி ஏசிக்கொண்டு நின்றார்கள்.

வவுனியாவிலிருந்து வந்த கணினித் தொழில்நுட்பவியலாளர் ஸக்கியா, அலுமாரிக்குள் பூட்டிவைக்கும் அந்தப் பொதுக் கணினியின், அதாவது சேர்வரின், திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அலுமாரியின் ஒரே சாவி அவளிடம்தான் இருந்தது. உதவிக்கு வந்த கிருசாந்தனுக்கோ பொறுமை போய்விட்டது.

“பாதியைத்தான் பதியுது அக்கா. ஆள் பேர் விழுது, எந்தக் கணினி எண்டது விழேல்லை. உள்நுழைவுப் பதிவை ஆரோ நிப்பாட்டியிருக்கினம். இப்ப போட்டாலும் திங்கக்கிழமை திரும்பி வருமோ?”

“நான்தான் நிப்பாட்டினனான்,” என்றார் விமலேஸ்வரி. “இடம் நிரம்புது எண்டு கணினி ஒரே கத்தல். திங்கள் காலமை அறையை விட்டு அசையாமல் இருந்து பழைய கோப்புகளைத் துப்பரவாக்கினதும் நான்தான்.”

மின்விசிறி மெல்ல ஓய்ந்து நின்றது. முன்கூடத்து நான்கு திரைகளும் குளத்தில் விழுந்த கற்களைப் போல இருளில் மறைந்தன. சேர்வரும் கண்ணாடி அறைக்குள் இருந்த முகாமையாளரின் கணினியும் மட்டும் பற்றரியில் முனகின.

“கோதாரி விழுந்த கரண்ட்,” என்றான் கிருசாந்தன்.

“திங்களும் உதே கதைதான். பத்துக்குப் போனது, பதினொண்டுக்குத்தான் வந்தது,” என்றார் விமலேஸ்வரி.

ஸக்கியா கதவோரம் நின்ற எழுதுவினைஞரிடம் திரும்பினாள். “பிரியந்தினி, காலமை ஆர் முதல் வாறது?”

“நான்தான் மிஸ், முதல் பஸ்ஸில. பழைய கணினியள், எழும்பவே நேரமெடுக்கும். மற்றவை வரமுதல் எல்லாத்தையும் திறந்து வைப்பன்.”

“ஆற்ற பாஸ்வேர்டில?”

“என்ரதில. பிறகு ஒருத்தரும் மாத்திறேல்லை.”

“மேடத்தின்ர கணினியையும்?”

“ஓம்.”

கிருசாந்தன் தலையில் கைவைத்தான். “அப்ப ஐஞ்சு கதிரையிலயும் இவதான் இருந்திருக்கிறா.”

“பதிவு பொய் சொல்லேல்லை, மேடம்,” என்றாள் ஸக்கியா. “கோப்பு பத்தரைக்கு அழிஞ்சது. அப்ப கரண்ட் இல்லை, முன்னால இருக்கிற நாலும் செத்துக் கிடந்தது. சேர்வர் என்ர பூட்டுக்குள்ள. மிச்சம் உங்கட கணினி. அறையை விட்டு அசையாமல் பழசுகளைத் துப்பரவாக்கினது நீங்கள். அதோட புதுசும் போயிட்டுது. பேர் மட்டும் இவளின்ர.”

விமலேஸ்வரி கடிதத்தைக் கவிழ்த்து வைத்தார். வெளியே ஏச்சு ஓயவில்லை.

பிரியந்தினி அவருக்காகக் கதவைத் திறந்து பிடித்தாள்.

“மேடம், அழிச்சது நான் இல்லை எண்டு நீங்களே ஒருக்கா வந்து அவையளுக்குச் சொல்லுங்கோ.”