கீழ்வீட்டுச் சம்மதம்

சப்வூஃபர் என்னும் அடிநாதப்பெட்டி வாங்கப் போகிறவர்கள் கீழ்வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போவதுதான் அந்தச் சென்னையில் வழக்கம். தணிகைவேலும் சனிக்கிழமை காலை ரெஜினாவுடன் பெருங்குடிக் கடைக்குப் போனார். அவருக்கு நேர் கீழே குடியிருப்பவர் ரெஜினா. அழைக்கப் போனபோதுதான் முதன்முதலாக முகத்தையே பார்த்தார்.

அதில் ஆச்சரியமில்லை. அடுக்ககங்கள் அமைதிச்சுவருக்கு மாறி ஒரு தலைமுறை ஆகிவிட்டது. பக்கத்து வீட்டில் கல்யாணமே நடந்தாலும் காதில் விழாது. ஜனங்களுக்கு அதில் பரம திருப்தி. அந்தச் சுவரும் தளமும் அதிர்ந்து கீழே இறங்கும் அடிநாதத்திடம் மட்டும் தோற்றுப்போயின. ஆகவே கீழ்வீட்டார் வாய்திறந்து சம்மதம் சொல்லாமல் அடிநாதப்பெட்டி விற்கக்கூடாது என்று சட்டம் வந்தது. கடையே அதற்காக மாடியும் கீழுமாகக் கட்டப்பட்டிருந்தது. வாங்குபவர் மாடியில் கேட்பார், சகித்துக்கொள்ளப் போகிறவர் கீழே உட்கார்ந்திருப்பார்.

தணிகைவேலுக்கு இது ஆடம்பரமில்லை. அவர் காது போய்க்கொண்டிருந்தது. நரம்பே பழுது என்பதால் காதுக்குள் பொருத்தும் செவிச்சில்லும் பயன்படவில்லை. மழைக்காலம் வரை கேட்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்புறம் பாட்டை நெஞ்சிலும் பாதத்திலும் வாங்கிக்கொள்வதுதான் வழி. ரெஜினா மாட்டேன் என்றால் அதுவும் போச்சு.

விற்பனைப் பெண் ஷாஹிரா முதலில் காற்றுத்துளை வைத்த பெட்டியைப் போட்டுக் காட்டினாள். சினிமாவுக்குப் பொருத்தம், வெடி விழுந்தால் சோபாவே நடுங்கும். இரண்டாவது துளையில்லாத மூடிய பெட்டி. தவிலின் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக வந்து விலா எலும்பில் உட்கார்ந்தது. மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்றாவதுதான் இருப்பதிலேயே விலை கூடியது. அதன் அடியிலிருந்த உறிஞ்சுமெத்தை தரைக்குள் எந்த அதிர்வையும் இறங்க விடாது. அவர் பாதத்துக்கும் ஒன்றும் வரவில்லை.

ஆசை இரண்டாவதில்தான். ஆனாலும் ரெஜினா மறுத்துவிடுவாரோ என்ற பயத்தில் மூன்றாவதையே சொல்லிவிட்டு, பெரிய தியாகம் செய்த முகத்துடன் கீழே இறங்கினார்.

"மூணாவது போட்டீங்களா இல்லையான்னே தெரியல சார்," என்றார் ரெஜினா.

"அதைத்தாம்மா வாங்கப் போறேன். உங்களுக்குத் தொந்தரவு இருக்காது."

"அது வேணாம். அதுக்கு நான் சம்மதம் சொல்ல மாட்டேன்."

தணிகைவேலுக்கு ஒன்றும் புரியவில்லை. ரெஜினா நிதானமாகச் சொன்னார். தணிகைவேலுக்கு முன்னால் அந்த மேல்வீட்டில் கமலநாதன் என்பவர் தனியாக இருந்தாராம். குளியலறையில் வழுக்கி விழுந்து, எழ முடியாமல் கிடந்து, அங்கேயே இறந்துபோனாராம். ஆள் தேடி வந்தவர்கள் கதவை உடைத்த பிறகுதான் ரெஜினாவுக்குத் தெரிந்ததாம்.

"அவர் கூப்பிட்டுக்கூட இருப்பாரு. நான் பாட்டுக்குக் கீழ சமைச்சுச் சாப்பிட்டுட்டு இருந்திருக்கேன்," என்றார். பிறகு, "ரெண்டாவத வாங்குங்க. தினம் சாயங்காலம் போடுங்க. ஒரு நாள் அந்த அதிர்வு வரலேன்னா நான் மேல வந்து கதவத் தட்டுவேன்."

தன் காது விஷயத்தைத் தணிகைவேல் அதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

"மழைக்கு அப்புறம் தட்டினா எனக்குக் கேக்காதும்மா."

ரெஜினா அவரை நிமிர்ந்து பார்த்தார். "அப்போ உங்க கதவுப் பூட்டுல என் கைரேகையையும் சேத்து வைங்க."

ஷாஹிரா பதிவுக்கருவியை ரெஜினா பக்கம் நீட்டினாள். அவர் இரண்டாவது பெட்டிக்குச் சம்மதம் சொன்னார். கருவி அணைந்த பிறகும் ரெஜினா எழுந்திருக்கவில்லை, கைரேகைக்குப் பதில் வேண்டித் தணிகைவேலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சம்மதம்," என்றார் தணிகைவேலும்.