மேட்டில் ஒரு நிழல் அதிகம்

படத்தில் ஒரு நிழல் அதிகமாக இருந்தது.

ஈரம் காயாத கித்தானைச் சமையலறைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, டர்பன்டைன் நெடிக்கு முகத்தைச் சுளித்தபடி தூரிகைகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் ஓவியன் அதைக் கவனித்தான். வெயிலுக்கு முதுகைக் காட்டி, மேட்டின்மேல் நின்று வரைந்த படம். முன்புறப் புல்லில் அவனுடைய நிழல் நீண்டு கிடந்தது. அருகே, கித்தானைத் தாங்கும் மரச்சட்டத்தின் மூன்று கால்கள். அவற்றுக்கு இடப்பக்கம், ஒல்லியாக, இன்னொரு ஆளின் நிழல். மேட்டில் அவனைத் தவிர ஈ காக்கை இல்லை.

அவன் வேலை செய்யும் விதம் அப்படி. வெளிச்சம் நகர்ந்துவிடும் என்பதால் நிழல்களைத்தான் முதலில் பிடிப்பான். கண்ணைப் பாதியாகச் சுருக்கினால் புல், வேலி, மரம் என்ற பெயரெல்லாம் உதிர்ந்து, வெறும் திட்டுகள் மிஞ்சும். எது எதென்று யோசிக்காமல் கை அவற்றை அப்பிக்கொண்டே போகும். யோசித்தால்தான் பொய் வரும். கை பொய் சொல்லியிருக்காது.

இந்த நாட்டுக்கு அவன் மட்டும் முதலில் வந்தான். விசா கிடைத்ததும் மனைவி வருவதாக ஏற்பாடு. அதற்குள் காய்ச்சல் என்றார்கள், ஆஸ்பத்திரி என்றார்கள், முடிந்துவிட்டது என்றார்கள். அவனுடைய பாஸ்போர்ட் விசா அலுவலகத்தில் மாட்டிக்கொண்டிருந்ததால் அவன் போகவில்லை. கடைசியாக முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஊரில் அவன் வெளியே வரையும்போதெல்லாம் கித்தானில் வெயில் படாமல் இடப்பக்கம் குடை பிடித்து நின்றவள் அவள். கை வலித்தால், "பெயிண்டரே, சூரியனைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க" என்பாள்.

மறுநாளும் போனான். அதற்கடுத்த நாளும். கண்ணை அகலத் திறந்தால் வெறும் புல். சுருக்கினால் பக்கத்தில் அது. கிடங்கு வேலை முடிந்ததும் பேருந்தில் இடிபட்டு, வண்ணப்பெட்டியை மடியில் அணைத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினான். பக்கத்தில் ஆள் இருப்பதுபோல் பேசினான். பதில் எதிர்பார்க்கவில்லை. அறை முழுக்கப் படங்கள் சேர்ந்தன. எல்லாவற்றிலும் இரண்டு நிழல்.

அக்கா போனில் சலித்துக்கொண்டாள்.

"எப்பப் பாரு புல்லும் மேடும். ஒரு மாட்டையாவது போடேன்டா, படத்துக்குத் துணையா இருக்கும்."

"துணை இருக்குக்கா."

அவள் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

ஆனால் நிழலுக்கு முகம் கிடையாது. அவனுக்கு வேண்டியதோ அது ஒன்றுதான். படங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தபோது வேறொன்று உறுத்தியது. குடை இல்லை. எந்தப் படத்திலும் கை உயரவில்லை. இரண்டு கைகளும் உடம்போடு ஒட்டிக் கிடந்தன. நிற்கிறவர்கள் அப்படி நிற்பதில்லை.

அன்று சாயங்காலம், தூரிகையை எடுக்கும் முன்பே சொல்லிவிட்டான்.

"ஒரே ஒரு தடவை முகத்தைக் காட்டு. போதும்."

காற்று நின்றது. ஈரப் புல்லின் வாசனைக்கு அடியில் பினாயில் நெடி ஒன்று மெல்லக் கிளம்பியது. அவன் ஒரு நாளும் கால் வைக்காத ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தின் நெடி.

மேகம் சூரியனை மூடியது.

வேலியின் நிழல் போயிற்று. சட்டத்தின் மூன்று கால்கள் போயின. அவனுடையதும் போயிற்று.

அது போகவில்லை.

கண்ணை அவன் சுருக்கவில்லை. நன்றாகத் திறந்திருந்தான்.

சட்டென்று பின்னால் திரும்பினான். யாருமில்லை. நிழல் விழ ஆளே இல்லை. அப்படியென்றால் நிழல் இல்லை அது. கிடக்கும் உடம்பு.

புல் மடங்கும் சத்தம்.

முன்னால் திரும்பினான். அது காலணிவரை வந்திருந்தது. கருமைக்குள்ளிருந்து நெற்றி எழுந்தது. பிறகு மூக்கு. அதில் பஞ்சு. பிறகு வாய்.

அவள்தான்.

மேகம் விலகியது. வேலிக்கு நிழல் வந்தது. சட்டத்தின் மூன்று கால்களும் புல்மேல் விழுந்தன. அவன் கால்களிலிருந்து எதுவும் விழவில்லை. அந்த இடத்தில், புல்லுக்குள் மல்லாந்தபடி, அவள் கண்களைப் பாதியாகச் சுருக்கி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.