சுவர்த் துளையில் ஒரு நீல விளக்கு

"சிக்னல் சுவருக்குள்ள புகுந்து வர்றப்ப, அந்தப் பக்கம் இருக்கிறவங்களையும் கூட்டிட்டு வந்துடாதா மாமா?"

பத்து வயதில் அவளுடைய மகள் கேட்ட கேள்வி அது. கேட்கப்பட்டவர் பக்கத்து வீட்டில் தனியாக வாழ்ந்த கடிகாரம் பழுதுபார்ப்பவர். கையில் டிரில்லிங் மெஷினும் தலை நிறையச் சுவர்த்தூளுமாகக் குந்தியிருந்தவர், "கூப்பிட்டா வராம இருப்பாங்களா பாப்பா" என்று சிரித்தார்.

அன்று அவர் துளை போட்டது இவர்களுக்காகத்தான். மகளுக்கு வகுப்புகள் இணையத்தில் நடந்த காலம். இணைப்பு வாங்க வழியில்லை என்று தெரிந்ததும், தன்னுடையதையே பயன்படுத்திக்கொள்ளச் சொன்னார். டி.வி.க்குக் கீழே இருந்த மீடியா பெட்டிக்குச் சிக்னல் எட்டவில்லை. அதனால் பொதுச்சுவரில் இரண்டு விரல் நுழையும் அளவு துளையிட்டு, ஒரு நீளமான கம்பியை அதன் வழியே இழுத்து, முனையில் சிக்னல் பிடிக்கும் அடாப்டரைச் செருகித் தன் வீட்டுப் பக்கம் தொங்கவிட்டார். கைம்மாறாக அவர் கேட்டது ஒன்றுதான்.

"சாயங்காலம் ஆறு மணிக்கு நான் சுவத்துல ரெண்டு தட்டு தட்டுவேன் தங்கச்சி. நீயும் ரெண்டு தட்டு. நான் இருக்கேன்னு ஒருத்தருக்குத் தெரிஞ்சா போதும்."

ஆறு வருடம் தட்டினார். ஆறு வருடம் அவளும் திருப்பித் தட்டினாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டே, ஈரக்கையோடு, சில நாள் கரண்டிக் காம்பால்.

அவர் இறந்து இப்போது நான்கு மாதம். அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டார்கள். அப்படியிருக்க, மூன்று நாளாக அவளுடைய டி.வி. திரை ஒரே வரியைக் காட்டிக்கொண்டிருந்தது. கடிகாரக்கடை, இணைக்கப்பட்டது. அவர் தன் இணைப்புக்கு வைத்திருந்த பெயர். பக்கத்தில் சிக்னல் கோடுகள், ஒன்றுகூடக் குறையாமல்.

பயந்து உட்கார்ந்திருக்க அவளுக்கு நேரமில்லை. கூடத்துக் கட்டிலில் கணவர் கிடந்தார். பக்கவாதம் பேச்சையும் வலப்பக்கத்தையும் எடுத்துக்கொண்டுவிட்டது. விடுதியிலிருந்து மகள் அன்றாடம் அனுப்பும் வீடியோ பெரிய திரையில் ஓடினால்தான் அவர் வாய் திறப்பார். போனில் காட்டிப் பார்த்தாள். அந்தச் சின்னச் சதுரத்தை அவர் கண்ணால் பிடிக்க முடியவில்லை. மூன்று நாளாக ஒரு வாய் இறங்கவில்லை. நாளைக் காலையில் மூக்கு வழியாகக் குழாய் போட்டுவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

உதவி எண்ணுக்கு அடித்தாள். எடுத்த இளைஞன் பெட்டியை ஆஃப் செய்து ஆன் செய்யச் சொன்னான். மூன்று நாளாக அதைத்தான் செய்கிறேன் தம்பி, பெட்டிக்கே சலித்துப்போய்விட்டது என்றாள். பழைய இணைப்பை அழிக்கச் சொன்னான். அழித்தாள். அவர் போனபின் வீட்டுக்கு வாங்கிய புது இணைப்பைத் தேர்ந்தெடுப்பதற்குள் பழைய பெயர் மீண்டும் வந்து நின்றது.

"யாரோ அந்த ரூட்டரை ஆன்ல வச்சிருக்காங்க மேடம்" என்றான் அவன். "அந்த வீட்ல கொஞ்சம் கேட்டுப் பாருங்களேன்."

அங்கே யாரும் இல்லை என்றாள். அப்படியென்றால் அடாப்டரைக் கழற்றி மறுபடி போடுவதுதான் வழி என்று சொல்லி வைத்துவிட்டான்.

அடாப்டர் சுவருக்கு அந்தப் பக்கம் தொங்கியது.

மணி ஐந்தரை. வெளியே மழை தூறி, கூடத்தில் வெளிச்சம் கழுநீர் நிறத்துக்கு மங்கியிருந்தது. சுவரோரம் மண்டியிட்டு, துளையை மறைத்து மாட்டியிருந்த காலண்டரைக் கழற்றினாள். துளையிலிருந்து ஒரு காற்று வந்தது. கடிகாரங்களுக்கு அவர் விடும் எண்ணெயின் மெல்லிய வாசம், பூட்டிய அறையின் புழுக்கம், அவற்றுக்கு அடியில், கழுவிக் கழுவியும் தரையை விட்டுப் போகாத வேறொரு வாசம். அந்த வாசத்தை அவள் அறிவாள். அவர் வெளியே வராமல் போன ஒன்பதாம் நாள், தெரு முழுக்க மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்க, கதவை உடைத்தபோது வந்த அதே வாசம்.

அவர் இந்தச் சுவரடியில்தான் விழுந்து கிடந்தார். இடுப்பு முறிந்திருந்தது. மூன்று நாளாவது உயிரோடு இருந்திருப்பார் என்றார்கள். யாருக்கும் கேட்கவில்லையா என்று போலீஸ்காரர் கேட்டபோது அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

கேட்டது. கணவரை மருத்துவமனையிலிருந்து கூட்டிவந்த வாரம் அது. ஆறு மணிக்கு இரண்டு தட்டு. ஏழு மணிக்கும். நடுப்பகலிலும். மனிதருக்கு நேரம் காலம் தெரியவில்லையே என்று எரிச்சல்பட்டு, டி.வி. சத்தத்தைக் கூட்டினாள். அதை யாரிடமும் சொன்னதில்லை. பிரார்த்தனையில்கூட அந்த இடம் வந்தால் தாண்டிப்போய்விடுவாள்.

துளைக்குள் பார்த்தாள். இருட்டின் ஆழத்தில் அடாப்டரின் நீல விளக்கு துடித்தது. கம்பியைப் பிடித்து மெதுவாக இழுத்தாள். ஒரு சாண் வந்தது.

நின்றது.

எதிலாவது சிக்கியிருக்கும். இன்னும் கொஞ்சம் இழுத்தாள். கம்பி விறைத்தது. பிறகு, அவள் கையிலிருந்து, அந்த ஒரு சாண் திரும்பப் போனது.

நீல விளக்கு மறைந்தது. தெரிந்தது. மறைந்தது. தெரிந்தது. யாரோ உள்ளங்கையால் மூடித் திறப்பதுபோல, இரண்டு முறை.

ஓடிவிடு என்றது உடம்பு. கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். ஒட்டிய கன்னம். காய்ந்த உதடு. ஓடவில்லை. கம்பியைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

"யாரா இருந்தாலும் சரி, இதை நான் விடமாட்டேன்" என்றாள். குரல் நடுங்கியது. நடுங்கட்டும். "அண்ணா, தப்பு என்னோடது. என்மேல கோபப்படுங்க. பசியில கிடக்கிற மனுஷனை எதுக்குப் பிடிச்சு வச்சிருக்கீங்க? அவர் சாப்பிடட்டும். அப்புறம் நானே இங்க வந்து உட்காருறேன். இது சத்தியம்."

மழைச் சத்தம். பெட்டியின் மெல்லிய உறுமல். கம்பி தளர்ந்தது.

அடாப்டர் வெளியே வந்தது. சில்லென்று, ஈரமாக. அதன்மேல் படிந்திருந்த தூசியில் ஒரு கட்டைவிரல் ரேகை. சேலை முந்தானையால் அதைத் துடைக்க மனம் வரவில்லை. கம்பியிலிருந்து கழற்றி, அப்படியே பெட்டியின் பின்னால் நேராகச் செருகினாள். பழைய பெயர் போனது. வீட்டுப் பெயர் வந்தது. திரையில் மகள் வந்தாள்.

"அப்பா, இன்னைக்கும் எங்க மெஸ்ஸுல அதே குழம்பு. பெயர் மட்டும் புதுசு."

கணவரின் இடது கடைவாய் அசைந்தது. வாய் திறந்தது. குழைத்த சோற்றை ஒவ்வொரு கரண்டியாக ஊட்டினாள். பதினொரு கரண்டி இறங்கியது. முகம் துடைத்துவிட்டாள். வீடியோ முடிவதற்குள் அவர் தூங்கிப்போனார்.

மணி ஆறு ஆக ஐந்து நிமிடம்.

காலண்டரை மாட்டிவிடலாம். பீரோவை நகர்த்தித் துளையை மறைத்துவிடலாம். நாளைக்கே கொத்தனாரை அழைத்துச் சிமெண்டு பூசிவிடலாம். வாக்குக் கொடுத்ததை யார் கேட்டார்கள்? கணவர் தூங்குகிறார். மகள் தொலைவில். போலீஸ்காரருக்கே தெரியாத விஷயம்.

டி.வி.யை அணைத்தாள். சத்தம் எதுவும் மிச்சமிருக்கக் கூடாது என்று பெட்டியையும் அணைத்தாள். சுவரோரம் போய் உட்கார்ந்தாள்.

ஆறு மணி.

டக். டக்.

இவ்வளவு தாழ்வாகவா? தரையை ஒட்டி. படுத்த நிலையில் கை எட்டும் உயரம்.

அவள் கையை உயர்த்தினாள். மற்றொரு கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தட்டினாள். டக். டக். நான்கு மாதத்துக்கு முன்பே தட்டியிருக்க வேண்டிய பதில்.

அந்தப் பக்கம் ஒரு நீண்ட மூச்சு. பிறகு உரசல். ஏதோ ஒன்று, தன்னையே இழுத்துக்கொண்டு, சுவரை நோக்கி வந்தது. அங்குலம் அங்குலமாக. நின்று. வந்து.

துளையின் இருட்டில் முதலில் நகங்கள் தெரிந்தன. சுவரைப் பிறாண்டித் தேய்ந்த நகங்கள். அப்புறம் விரல்கள். இரண்டு. சாம்பல் நிறம், நகக்கண்ணில் கடிகார எண்ணெயின் கறுப்பு. துளையின் விளிம்பில் படிந்து அசையாமல் இருந்தன. மேலும் வரவில்லை. பின்வாங்கவும் இல்லை.

காத்திருந்தன.

கண்ணை மூடாமல், படைத்தவன் பெயரை ஒருமுறை சொல்லி, அவள் தன் இரண்டு விரல்களை அவற்றின்மேல் வைத்தாள். குளிர் எலும்புவரை ஏறியது. அந்த விரல்கள் மெல்ல மடங்கி அவளுடையவற்றைப் பற்றிக்கொண்டன.

"இருக்கீங்கன்னு தெரியும் அண்ணா" என்றாள்.

கூடம் முழுதும் இருண்டது. பிடி இறுகியது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.