தூறல் நாளில் விசிறிக் கடை

வெயில் கொளுத்த வேண்டும் என்று கமலவேணி வேண்டிக்கொண்ட நாளில்தான் தூறல் போட்டது.

அன்று சின்ன காஞ்சிபுரத்தில் கருடசேவை. மாகறல், தென்னேரி என்று சுற்று வட்டார ஊர்களிலிருந்தெல்லாம் கூட்டம் வந்து குவிந்திருந்தது. வைகாசி மாதம் ஆயிற்றே! வழக்கமாக இந்தக் கூட்டம் புழுக்கம் தாங்காமல் துண்டாலும் முந்தானையாலும் விசிறிக்கொண்டு நிற்கும். இந்த வருடம் என்னவோ ஜில்லென்று காற்று வீசியது.

தெருவோரத்தில் கோணியை விரித்து, பனையோலை விசிறிகளை அடுக்கிவைத்துக்கொண்டு கமலவேணியும் லில்லியும் உட்கார்ந்திருந்தார்கள். இருவரும் ஆறாம் வகுப்பு. விசிறிகளைச் செய்தவள் லில்லி. சிவப்பும் பச்சையுமாகச் சாயம் ஏற்றி, ஓரத்தில் பூப்போட்ட துணி வைத்துத் தைத்திருந்தாள்.

ஒரு பெரியவர் விசிறி ஒன்றை எடுத்துத் தலைக்கு மேல் பிடித்துப் பார்த்தார்.

"மழைக்குத் தாங்குமா பாப்பா?"

"இது விசிறி, தாத்தா. குடை இல்ல."

"அப்ப வேணாம்மா."

காலையிலிருந்து வந்த ஒரே வாடிக்கையாளர் அவர்தான்.

கமலவேணி விற்காத விசிறிகளை எண்ணிப் பார்த்தாள். விசிறி விற்கும் யோசனை லில்லியுடையது, ஆனால் லில்லியிடம் காசு இல்லை. காசு சேர்த்தது கமலவேணி. அவள் அப்பா நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் பங்குதாரர். பல பேர் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு ஒரு தொழில் நடத்தலாம், லாபத்தைப் பிரித்துக்கொள்ளலாம் என்று அவர் பேசுவதைக் கேட்டிருக்கிறாள். அதே போலச் செய்தால் என்ன?

தன் உண்டியலை உடைத்தாள். கூடப் படிக்கும் கலாவதியிடமும், அடுத்த வீட்டுக் குமாரவேலிடமும் கேட்டாள். "விசிறி வித்ததும் லாபத்துல எல்லாருக்கும் பங்கு" என்றாள். விற்காவிட்டால் என்ன ஆகும் என்பதை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் தரமாட்டார்களோ என்று பயம். சேர்ந்த காசில் ஓலையும் சாயமும் துணியும் வாங்கியவள் லில்லி.

இப்போது அந்த இரண்டு பேரும் கூட்டத்துக்குள் புகுந்து வந்துகொண்டிருந்தார்கள்.

"அக்கா, லாபம் வந்துச்சா?" என்று தூரத்திலிருந்தே கத்தினான் குமாரவேல். நான்காம் வகுப்புதான் படிக்கிறான். "நான் சைக்கிள் வாங்கப் போறேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

கலாவதி கத்தவில்லை. அடுக்கு குறையாத விசிறிகளைப் பார்த்ததுமே அவள் முகம் சுருங்கிவிட்டது.

"கமலவேணி, அது நோட்டு வாங்க வச்சிருந்த காசுடி. எங்கம்மாவுக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள வந்துடும் இல்ல?"

கமலவேணிக்குப் பகீரென்றது. நோட்டுக்கு வைத்திருந்த காசா? 'கவலைப்படாதே, வந்துடும்' என்று சொல்ல வாய் திறந்தாள். ஆனால் வரும் என்று அவளுக்கே தெரியாதே!

"வராமலும் போகலாம்" என்றாள். "விக்கலன்னா போட்ட காசும் போயிடும். இதை முதல்லயே சொல்லியிருக்கணும். பயந்துக்கினு சொல்லாம விட்டுட்டேன். தப்பு என்னுதுதான்."

குமாரவேலின் உதடு துடித்தது. "அப்போ லில்லி அக்கா திருப்பித் தரட்டும்! அவங்கதானே செலவு பண்ணாங்க!"

லில்லி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டு விசிறிமேல் விழுந்தது.

"அவ நம்மகிட்ட கடன் வாங்கலடா" என்றாள் கமலவேணி. "நாம சேர்ந்து போட்ட கடை இது. லாபம்னா எல்லாருக்கும்னு சொன்னோமே. நட்டம்னா மட்டும் அவ ஒருத்தி தலையிலயா? அவ விரலைப் பாரு."

லில்லி கையை மறைப்பதற்குள் குமாரவேல் பார்த்துவிட்டான். ஓலை கிழித்துக் கிழித்து விரலெல்லாம் கீறல். அவன் கோணியின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"நான் எங்கம்மாகிட்ட இன்னா சொல்றது?" என்றாள் கலாவதி. அவள் கோபம் இன்னும் தணியவில்லை.

"நானும் உன்கூட வரேன். நானே சொல்றேன்."

அதற்குள் தூறல் வலுத்தது. நான்கு பேரும் விசிறிகளை வாரிக்கொண்டு எதிரே இருந்த இட்லிக் கடைக்கு ஓடினார்கள். தார்ப்பாய் கட்டிய சின்னக் கடை. ஒரே புகை! கடைக்கார நீலாம்பாள் ஊதாங்குழலை வைத்து அடுப்பை ஊதி ஊதி இருமிக்கொண்டிருந்தாள். விறகு நனைந்திருந்தது. அவள் கண் இரண்டும் மிளகாய்ப் பழம்.

"எவ்ளோ நேரம்மா? பசி உயிர் போவுது!" என்று சத்தம் போட்டார் காத்திருந்த ஒருவர்.

"இருப்பா, நான் இன்னா சும்மாவா குந்திக்கினு இருக்கிறேன்?" என்று சொல்லி மறுபடியும் இருமினாள் நீலாம்பாள்.

கமலவேணியின் தலை நிறையக் கவலை. ஆனாலும் அந்த இருமலைக் கேட்டுக்கொண்டு சும்மா நிற்க முடியவில்லை. ஒரு விசிறியை உருவிக்கொண்டு அடுப்பின் முன் உட்கார்ந்தாள்.

"நீங்க தள்ளுங்க அக்கா, நான் விசிறுறேன்."

"ஏய், என் பூப்போட்ட விசிறி! கரி ஆயிடும்டி!" என்று கிசுகிசுத்தாள் லில்லி.

கமலவேணி விடாமல் விசிறினாள். புகை சுருண்டது. விறகின் நுனி சிவந்தது. பிறகு குப்பென்று பற்றிக்கொண்டது தீ.

"அம்மாடி!" என்று மூச்சு விட்டாள் நீலாம்பாள். "விசிறி இன்னா விலை கண்ணு?"

"பரவாயில்ல அக்கா, வச்சுக்கோங்க."

"விக்க வந்துட்டு சும்மா குடுப்பியா? நல்ல பொண்ணு நீ!" நீலாம்பாள் சுருக்குப் பையை அவிழ்த்துக் காசை எடுத்துக் கொடுத்தாள். "இன்னொண்ணும் குடு. தோசை அடுப்புக்கு வேணும்."

கமலவேணி காசைப் பிடித்தபடி தெருவைப் பார்த்தாள். டீக்கடையில் புகை. வடைக் கடையில் புகை. அன்னதானப் பந்தலுக்குப் பின்னால் மேகம் போலப் புகை. இன்றைக்கு ஊரில் எந்த விறகுதான் நனையாமல் இருக்கும்?

"லில்லி! மனுஷங்களுக்குத்தான் புழுக்கம் இல்ல. அடுப்புங்களுக்குக் காத்து வேணும்டி!"

குமாரவேல் துள்ளி எழுந்தான். அவனுக்குத் தொண்டை பெரியது. "அடுப்புக்கு விசிறி! ஈர விறகுக்கு விசிறி!" என்று கத்திக்கொண்டே தூறலில் ஓடினான். கலாவதியும் ஒரு கட்டு விசிறியைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னால் போனாள். அன்னதானச் சமையற்காரர் அவளிடமிருந்து ஒரு பெரிய அடுக்கையே வாங்கிக்கொண்டார்.

லில்லிக்குத்தான் மனசு ஆறவில்லை. டீக்கடைக்காரர் பச்சை விசிறியை வாங்கிப் படபடவென்று அடுப்பை விசிறியபோது, "கொஞ்சம் மெதுவா, அண்ணே. தையல் பிரிஞ்சிடும்" என்று கெஞ்சினாள்.

மத்தியானம் பார்த்தபோது, நனைந்து கெட்டுப்போன சில விசிறிகள்தான் மிஞ்சியிருந்தன. போட்ட காசு எல்லாருக்கும் திரும்பி வந்தது. மேலே கொஞ்சம் லாபமும் இருந்தது. பெரிய லாபம் இல்லை.

"ஓலை கிழிச்ச கைக்குத் தனியா ஒரு பங்கு" என்று கலாவதியே சொன்னாள். யாரும் மறுக்கவில்லை. அவள் தன் காசைக் கைக்குட்டை முனையில் இறுக்கி முடிந்துகொண்டாள். "எங்கம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்று கமலவேணியைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

குமாரவேல் தன் பங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதுல சைக்கிள் வருமா அக்கா?"

"வாடகை சைக்கிள் வரும். ஒரு மணி நேரம் ஓட்டலாம்."

"அது போதும்!" என்று பறந்துவிட்டான்.

பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில், குமாரவேல் கையில் மூங்கில் குச்சியோடு கமலவேணி வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, ஆடி மாசம் பட்டம் செஞ்சு விக்கப் போறேன். காத்து பிச்சிக்கினு அடிக்கும். எல்லார்கிட்டயும் காசு வாங்கித் தரியா?"

"தரேன். காத்து அடிக்கலன்னா இன்னா பண்ணுவே? அதை முதல்ல சொல்லு."

குமாரவேல் தலையைச் சொறிந்துகொண்டு யோசித்தான். நன்றாக யோசிக்கட்டும் என்று கமலவேணி காத்திருந்தாள்.